கன்ட்ரோலர் வேகம் சொன்னால் விமானி என்ன செய்ய வேண்டும்?

நெரிசலான விமான நிலையத்தை நோக்கி இறங்கும்போது ஏடிசியிலிருந்து, அதாவது தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலர்களிடமிருந்து, மூன்று வகை உத்தரவுகள் வரும்: திசை, உயரம், வேகம். முதல் இரண்டையும் பயிற்சிக் காலத்திலேயே பழகிவிடுகிறோம். வேகம்தான் விட்டுப்போகிறது. செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தில் 90 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு நாட்டிகல் மைல், அதாவது கடல்மைல்) சுற்றிக்கொண்டிருக்கும் மாணவரிடம் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் தேவை யாருக்கும் வருவதில்லை. அப்புறம் ஒருநாள் ஜெட் விமானத்தின் வலப்பக்க இருக்கையில் துணை விமானியாக உட்கார்ந்ததும், எந்தப் பக்கம் திரும்பு, எவ்வளவு இறங்கு, எந்த வேகத்தில் பற, எதுவரை பற என்று எல்லாம் ஒரே அழைப்பில் வந்து விழும்.

இது அப்படிப் புதிதாக வருகிறவர்களுக்கான வழிகாட்டி. ஐகாவோ எனும் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் நடைமுறையை அடிப்படையாக வைத்துச் சொல்கிறேன். நம் ஊர்ப் பிள்ளைகளில் பலர் அமெரிக்காவில் பயிற்சி பெற்றுத் திரும்புவதால், அமெரிக்க விதி எங்கே மாறுகிறதோ அங்கே அதையும் சொல்கிறேன். நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: கொடுத்த வேகத்தைப் பிடியுங்கள், முடியாது என்றால் அப்போதே சொல்லுங்கள். பாதி செய்துவிட்டுப் பேசாமல் இருப்பதுதான் வானத்தில் பெரிய தொல்லை.

எதற்காக வேகம் சொல்கிறார்கள்

விமான நிலையத்தைச் சுற்றிய ரேடார் பகுதியில் இரண்டு விமானங்களுக்கு இடையே பொதுவாக 3 நாட்டிகல் மைல் இருக்க வேண்டும், நெடுவழியில் 5. முன்னால் போவது ‘ஹெவி’ வகைப் பெரிய விமானம், பின்னால் வருவது நடுத்தர விமானம் என்றால், முன்னது விட்டுச்செல்லும் சுழல்காற்றுக்காக 5 மைல் தேவை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. முன்னால் போகிறவர் 160 நாட்டில் போகிறார், பின்னால் வருகிறவர் 180இல் வருகிறார். நிமிடத்துக்கு மூன்றில் ஒரு மைல் இடைவெளி குறைகிறது. ஆறு நிமிடத்தில் 2 மைல் போய்விட்டது. இருந்த 5 மைல் 3 ஆகிவிட்டது. அதன்பின் கன்ட்ரோலருக்கு இருக்கும் வழிகள் உங்களைச் சுற்றி வரச் செய்வது அல்லது கோ-அரௌண்ட் (தரையிறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே ஏறுவது) கொடுப்பது. இந்தச் சிக்கல் வராமல் இருக்கத்தான் முன்கூட்டியே ஒரு எண் தருகிறார்.

இன்னொன்றும் நடக்கிறது. சொல்லப்படும் வேகம், ஏர்ஸ்பீட் கருவி காட்டும் வேகம். உயரே போகப்போக, கருவி அதே எண்ணைக் காட்டினாலும் உண்மை வேகம் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 2 சதவீதம் கூடுகிறது. 10,000 அடியில் கருவி 250 காட்டினால் உண்மை வேகம் 290 நாட்டை ஒட்டி இருக்கும். முன்னவர் முதலில் இறங்கிவிட்டால், இருவரும் 250 காட்டினாலும் மேலே இருப்பவர் நெருங்கிக்கொண்டே வருவார். உங்களுக்கு மட்டும் ஏன் 230 என்று சில சமயம் புரியாமல் போவதன் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

படி 1: முழுதாகக் கேளுங்கள், முழுதாகத் திருப்பிச் சொல்லுங்கள்

வேக உத்தரவில் எண்ணைவிட அதைச் சுற்றியுள்ள சொற்களில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். “ரெட்யூஸ் ஸ்பீட் டு ஒன் எய்ட் ஜீரோ நாட்ஸ்” என்றால் 180, அவ்வளவுதான். “ஒன் எய்ட் ஜீரோ நாட்ஸ் ஆர் கிரேட்டர்” என்றால் 180க்குக் கீழே போகாதீர்கள், மேலே போகலாம். “ஆர் லெஸ்” என்றால் நேர்மாறு. “டூ நாட் எக்ஸீட்” வந்தால் அது உச்சவரம்பு. “மெயின்டெயின் பிரசென்ட் ஸ்பீட்” என்றால் இப்போது முள் எங்கே நிற்கிறதோ அங்கேயே நிறுத்துங்கள். ஏற்கெனவே வேகம் குறைந்துகொண்டிருந்தால் அந்த நொடியில் இருந்த எண்ணைச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். “மினிமம் கிளீன் ஸ்பீட்” என்றால் ஃபிளாப் (மெதுவாகப் பறக்க இறக்கையிலிருந்து இறக்கும் பலகை), கியர் (சக்கரங்கள்), ஸ்பீட்பிரேக் (வேகத்தைக் குறைக்க எழுப்பும் தகடு) எதுவும் வெளியே இல்லாமல் பறக்கக்கூடிய மிகக் குறைந்த வேகம். அது உங்கள் எடையைப் பொறுத்தது, அந்த எண் உங்களுக்குத்தான் தெரியும்.

“அன்டில்” என்ற சொல் வந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். எதுவரை அந்த வேகம் என்பது அதன் பின்னால்தான் வரும்.

வேக உத்தரவைக் கட்டாயம் ரீட்பேக் செய்ய வேண்டும் என்பது ஐகாவோ விதி. உயரம், திசை போலவே இதுவும் பாதுகாப்பைத் தொடும் விஷயம். வெறும் “ராஜர்” போதாது. “ஒன் சிக்ஸ் ஜீரோ நாட்ஸ் அன்டில் ஃபோர் மைல்ஸ், அல்ஃபா பிராவோ சார்லி” என்று எண், எல்லை, அழைப்புப் பெயர் மூன்றும் வர வேண்டும். வேகமும் திசையும் சேர்ந்து வரும் அழைப்புகளில் 210 என்பது வேகமா திசையா என்று குழம்புவது சகஜம். அதனால் “நாட்ஸ்”, “ஹெடிங்” என்ற சொற்களை விழுங்காதீர்கள்.

அலைவரிசை மாறும்போதும் இது தொடர்கிறது. உங்களுக்கு ஏடிசி கொடுத்த வேகம் ஒன்று இருந்தால், அடுத்த கன்ட்ரோலரிடம் பேசும் முதல் அழைப்பில் உயரத்தோடு அதையும் சொல்ல வேண்டும் என்று ஐகாவோ நடைமுறை கேட்கிறது. பலர் விட்டுவிடுகிறார்கள். சொன்னால் அவருக்கு ஒரு கேள்வி மிச்சம்.

படி 2: முடியுமா என்று பாருங்கள்

கன்ட்ரோலருக்கு உங்கள் எடை தெரியாது. இறக்கையில் பனி இருப்பதோ, நீங்கள் கடும் குலுக்கலில் இருப்பதோ, ஒரு ஃபிளாப் கோளாறோ அவருக்குத் தெரியாது. எண் வந்ததும் ஒரு நொடி யோசியுங்கள்: இந்த வேகம் என் குறைந்தபட்சத்துக்கு மேலே இருக்கிறதா? இப்போதுள்ள ஃபிளாப் நிலைக்கான உச்ச வேகத்துக்குள் இருக்கிறதா? குலுக்கலில் பறக்க வேண்டிய வேகத்தோடு மோதுகிறதா?

முடியாது என்றால் “அனேபிள்”. அந்த ஒரு சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த வேகம் முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: “அனேபிள் ஒன் எய்ட் ஜீரோ, மினிமம் டூ ஜீரோ ஜீரோ நாட்ஸ்.” அமெரிக்க நடைமுறையும் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கான அதிகாரப்பூர்வ வெளியீடும் இரண்டுமே இதைத்தான் கேட்கின்றன: முடியாவிட்டால் பறக்கப்போகும் வேகத்தைச் சொல். எண் கையில் கிடைத்துவிட்டால் கன்ட்ரோலர் ஒரு நொடியில் வேறு வழி பார்த்துவிடுவார். வரிசையைக் கலைத்து அடுக்குவது அவருடைய அன்றாட வேலை. “அனேபிள்” சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. புதியவர்கள் தயங்கித் தயங்கி இருபது நொடி கழித்துச் சொல்வதுதான் அவரைத் திணறடிக்கும்.

படி 3: உடனே தொடங்குங்கள், பிறகு பிடித்துக்கொள்ளுங்கள்

ரீட்பேக் முடிந்ததும் வேக மாற்றம் தொடங்கிவிட வேண்டும். ஏர்பஸ்ஸில் வேகக் குமிழை இழுத்து ‘செலக்டட்’ நிலைக்கு வாருங்கள், எண்ணை வையுங்கள், திரையில் அது வந்துவிட்டதா என்று கண்ணால் பாருங்கள். கணினி தானே நடத்தும் ‘மேனேஜ்டு’ நிலையிலேயே விட்டுவிட்டால், விமானம் தனக்குப் பிடித்த நேரத்தில் தனக்குப் பிடித்த வேகத்துக்குப் போகும்.

எவ்வளவு துல்லியம் வேண்டும்? அமெரிக்காவில் கூடக்குறைய 10 நாட்டுக்குள், மேலே மாக் எண்ணில் (ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்ட வேகம்) பறந்தால் 0.02க்குள் இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஹீத்ரோவில் முடிந்தவரை துல்லியமாகப் பறக்கச் சொல்கிறார்கள். 10 நாட் அனுமதி இருக்கிறதே என்று எப்போதும் ஒரு ஓரத்தில் பறப்பதை நான் ஏற்கமாட்டேன். நீங்கள் 10 கூட, முன்னவர் 10 குறைவு என்றால் மேலே போட்ட கணக்கு அப்படியே நடந்துவிடும்.

உங்கள் வேகம் கன்ட்ரோலருக்குத் தெரியாது என்று எண்ண வேண்டாம். ரேடாரில் தரைவேகம் தெரியும். மேம்பட்ட மோட்-எஸ் வசதி (விமானம் தன் தகவலைத் தானே ரேடாருக்கு அனுப்பும் முறை) உள்ள இடங்களில் விமானத்தின் கருவி வேகமும் மாக் எண்ணும்கூட அவர் திரைக்கு வந்துவிடும். “ரிப்போர்ட் ஸ்பீட்” என்று கேட்டால் கருவி காட்டும் எண்ணைச் சொல்லுங்கள். ஜிபிஎஸ் காட்டும் தரைவேகத்தைச் சொல்வது அவருக்கு உதவாது.

படி 4: இறங்கவும் வேண்டும், குறைக்கவும் வேண்டும் என்றால்

புதியவர்கள் அதிகம் சிக்கிக்கொள்வது இங்கேதான். நவீன ஜெட் விமானம் வழுக்கிக்கொண்டு போகும். இறங்கினால் வேகம் குறைய மறுக்கும், வேகத்தைக் குறைத்தால் இறங்க மறுக்கும்.

மனக்கணக்குக்கு இரண்டு எண்கள் போதும். ஆயிரம் அடி இறங்க ஏறத்தாழ 3 மைல். சமதளத்தில் 10 நாட் குறைக்க ஏறத்தாழ 1 மைல். 8,000 அடியிலிருந்து 4,000க்கு இறங்கி, 250இலிருந்து 180க்குக் குறைக்க வேண்டும் என்றால் 12 மைலும் 7 மைலும் சேர்த்து 19 மைல் வேண்டும். ஓடுபாதைக்கு உங்கள் பாதையில் 15 மைல்தான் மிச்சம் என்றால், சிக்கல் இப்போதே தொடங்கிவிட்டது. ஸ்பீட்பிரேக் எடுங்கள், தேவைப்பட்டால் கியரை முன்னதாகவே இறக்குங்கள், கன்ட்ரோலரிடமும் சொல்லுங்கள்.

வேகமாக இறங்கச் சொல்லிக்கொண்டே வேகத்தையும் குறைக்கச் சொல்வதைத் தவிர்க்க வேண்டும் என்று கன்ட்ரோலர்களுக்கான ஐகாவோ நடைமுறையே சொல்கிறது. ஆனாலும் நெரிசலில் அப்படி ஓர் உத்தரவு வரும். வந்தால் கேட்டுவிடுங்கள்: “விச் டூ யூ வான்ட் ஃபர்ஸ்ட், ஸ்பீட் ஆர் டிசென்ட்?” உலகம் முழுக்க விமானிகள் கேட்கும் கேள்விதான் இது. பதிலும் ஒரே சொல்லில் வந்துவிடும்.

உத்தரவில் “தென்” என்ற சொல் இருந்தால் வரிசை ஏற்கெனவே முடிவாகிவிட்டது. “ரெட்யூஸ் ஸ்பீட் டு டூ ஒன் ஜீரோ, தென் டிசெண்ட் அண்ட் மெயின்டெயின் சிக்ஸ் தௌசண்ட்” என்றால் முதலில் 210க்கு வாருங்கள், பிறகு இறங்குங்கள். வேகத்தைக் குறைப்பதற்காக இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 500 அடிக்கும் கீழே போய்விடும் என்றால், அமெரிக்காவில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

10,000 அடியைக் கடக்கும்போது இன்னொரு எல்லை வருகிறது. அமெரிக்காவில் அதற்குக் கீழே 250 நாட்டுக்கு மேல் பறக்கக்கூடாது என்பது சட்டம். மேலே இருக்கும்போது 280 கொடுத்திருந்தாலும், 10,000க்குக் கீழே இறங்க அனுமதி வந்தால் நீங்களே 250க்குக் குறைக்க வேண்டும். அதை அறிவிக்கக்கூடத் தேவையில்லை. அந்த வரம்பைத் தளர்த்தும் அதிகாரம் அங்கே கன்ட்ரோலருக்கு இல்லை. வேறு பல நாடுகளில், வான்பகுதியின் வகையைப் பொறுத்து, ஏடிசி அதை நீக்கலாம். எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பது இங்கே முக்கியம்.

படி 5: எப்போது முடிகிறது

“ரெஸ்யூம் நார்மல் ஸ்பீட்” என்றால் ஏடிசி கொடுத்த வேகம் நீங்கியது. வரைபடத்தில் அச்சிட்டிருக்கும் வேக எல்லைகள் நீங்கவில்லை. சட்டம் சொல்லும் 250ம் நீங்கவில்லை. வரைபட எல்லைகளையும் நீக்க அமெரிக்காவில் “டிலீட் ஸ்பீட் ரெஸ்டிரிக்‌ஷன்ஸ்” என்று தனியாகச் சொல்வார்கள். அப்போதும் 250 அப்படியே இருக்கும்.

அமெரிக்காவில் அப்ரோச் கிளியரன்ஸ் (ஓடுபாதையை அணுகி இறங்குவதற்கான அனுமதி) கிடைத்ததும், அதற்கு முன் கொடுத்த வேகம் தானாகவே ரத்து. கன்ட்ரோலருக்கு அது தொடர வேண்டும் என்றால் கிளியரன்ஸோடு சேர்த்து மறுபடி சொல்ல வேண்டும். அங்கே ஃபைனல் அப்ரோச் ஃபிக்ஸ் (கடைசி இறக்கம் தொடங்கும் இடமாக வரைபடத்தில் குறித்த புள்ளி) அல்லது ஓடுபாதையிலிருந்து 5 மைல், இவற்றில் எது ஓடுபாதைக்குப் பக்கமோ அதற்கு உள்ளே வேகம் கொடுக்கமாட்டார்கள். ஐகாவோ நடைமுறையில் அந்த எல்லை ஓடுபாதை முனையிலிருந்து 4 மைல்.

கடைசிப் பத்து மைல்

ஹீத்ரோ இதற்கு நல்ல பாடம். அடுத்தடுத்து விமானங்கள் வந்துகொண்டே இருக்கும் அந்த இடத்தில் வேகங்களை முன்கூட்டியே வெளியிட்டிருக்கிறார்கள்: இடைநிலையில் 210, ஃபைனலை (ஓடுபாதைக்கு நேரான கடைசிப் பாதையை) நோக்கித் திரும்பும்போது 180, ஃபைனலில் நிலைத்ததும் 180க்கும் 160க்கும் இடையே, அப்புறம் 4 மைல் வரை 160.

அந்த “160 டு 4” கேட்க எளிது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 டிகிரிச் சரிவில் 4 மைலில் நீங்கள் ஓடுபாதைக்கு மேலே ஏறத்தாழ 1,300 அடியில் இருப்பீர்கள். பல நிறுவனங்களில் 1,000 அடிக்குள் வேகம், ஃபிளாப், எஞ்சின் எல்லாம் நிலைத்திருக்க வேண்டும். 1,300இலிருந்து 1,000க்கு வர ஒரு மைல்கூட இல்லை, நேரத்தில் இருபது நொடி சொச்சம். தரையிறங்கும் வேகம் 138 என்றால், அதற்குள் 20 நாட்டுக்கு மேல் குறைய வேண்டும், கடைசி ஃபிளாப் இறங்க வேண்டும், எஞ்சின் மறுபடி சுழலேற வேண்டும்.

ஆகவே 4 மைல் வந்தபிறகு கியரைத் தேடாதீர்கள். அதற்கு முன்பே கியரை இறக்கி, இடைநிலை ஃபிளாப் வைத்து, 160ஐ எஞ்சின் விசையோடு பிடித்துக்கொண்டு வாருங்கள். 4 மைலில் விசையைக் குறைத்தால் போதும், விமானம் தானே தணியும். பின்காற்று இருந்தாலோ எடை மிகக் குறைவாக இருந்தாலோ இதுவும் எட்டாமல் போகலாம். அப்படித் தோன்றினால் 10 மைலிலேயே சொல்லுங்கள்: “அனேபிள் ஒன் சிக்ஸ் ஜீரோ டு ஃபோர், கேன் டூ ஒன் சிக்ஸ் ஜீரோ டு சிக்ஸ்.” அந்த நேரத்தில் சொன்னால் பின்னால் வருகிறவரைச் சற்று முன்னதாகவே குறைத்துவிடுவார்கள். 4 மைலில் சொன்னால் யாருக்கும் பயனில்லை.

அதேபோல, கேட்காமல் 7 மைலிலேயே 140க்கு வந்துவிடாதீர்கள். உங்கள் காக்பிட்டில் எல்லாம் அமைதியாக இருக்கும். பின்னால் இருப்பவர் கோ-அரௌண்ட் போவார்.

பர்பாங்க், 2000

2000 மார்ச் 5. சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸின் 1455ஆம் விமானம், போயிங் 737-300, லாஸ் வேகஸிலிருந்து கலிஃபோர்னியாவின் பர்பாங்குக்கு வந்துகொண்டிருந்தது. மறு அறிவிப்பு வரும்வரை 230 நாட் அல்லது அதற்கு மேல் என்று கன்ட்ரோலர் கொடுத்திருந்தார். பிறகு எட்டாம் ஓடுபாதைக்குப் பார்வைவழி அப்ரோச் கிளியரன்ஸ் வந்தது. விமானம் அளவுக்கு மீறி உயரத்திலும் வேகத்திலும் இருந்தது. 3 டிகிரிக்குப் பதில் சுமார் 7 டிகிரிச் சரிவில் இறங்கினார்கள். காக்பிட்டில் தரையணுகல் எச்சரிக்கை ஒலித்தது. இலக்கு வேகம் 138 நாட். சக்கரம் தரையைத் தொட்டது சுமார் 182இல். விமானம் ஓடுபாதையைத் தாண்டி, வேலியையும் சுற்றுச்சுவரையும் உடைத்து, வெளியே சாலையில் ஒரு பெட்ரோல் நிலையத்துக்கு அருகே நின்றது. உள்ளே 142 பேர். இரண்டு பயணிகளுக்குப் பலத்த காயம், உயிரிழப்பு இல்லை.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முதன்மைக் காரணமாகச் சொன்னது விமானிகளின் அதிக வேகம், செங்குத்தான சரிவு, அப்ரோச்சைக் கைவிடாதது. கோ-அரௌண்ட் தவிர வேறு பாதுகாப்பான வழியே இல்லாத இடத்தில் விமானத்தைக் கன்ட்ரோலர் கொண்டுவந்து நிறுத்தியதையும் துணைக்காரணமாகச் சேர்த்தது.

இந்த நிகழ்வை ஒவ்வொரு புதிய விமானியும் வரைபடம் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். 230 என்ற உத்தரவு வந்த இடத்தில், ஓடுபாதைக்கு இன்னும் எத்தனை மைல், எவ்வளவு உயரம் என்று மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். “அனேபிள்” எங்கே சொல்லியிருக்கலாம், வேகத்தைத் தாமே குறைக்கும் உரிமை எந்த நொடியில் அவர்கள் கைக்கு வந்தது, கோ-அரௌண்ட் எத்தனை இடங்களில் திறந்தே இருந்தது என்பதெல்லாம் காகிதத்தில் தெரியும். ஏடிசி கொடுத்த வேகத்தால் அப்ரோச் கெட்டுப்போனாலும், தரையிறங்குவதா வேண்டாமா என்பது கேப்டனின் முடிவுதான்.

சிறிய விமானத்தில் இருக்கிறவர்களுக்கு

பெரிய விமான நிலையத்தில் ஜெட்டுக்கு முன்னால் நீங்கள் செஸ்னாவில் வந்தால், “கீப் யுவர் ஸ்பீட் அப்” அல்லது “மெயின்டெயின் மேக்ஸிமம் ஃபார்வர்ட் ஸ்பீட்” என்று வரும். 172எஸ் மாடலில் முதல் 10 டிகிரி ஃபிளாப்புக்கு உச்சம் 110 நாட், அதற்கு மேற்பட்ட ஃபிளாப்புக்கு 85. இவற்றை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, ஃபிளாப் இல்லாமல் 100 நாட்டில் ஃபைனலில் வரலாம். ஓடுபாதை நீளமாக இருந்தால் கடைசி இரண்டு மைலில் விசையைக் குறைத்து 65க்குக் கொண்டுவர முடியும். இதைப் பயிற்றுநரோடு பழகியிருந்தால் மட்டும் செய்யுங்கள். தனியாகப் பறக்கும் மாணவர் என்றால் தயங்காமல் “அனேபிள், ஸ்டூடன்ட் பைலட், நைன்டி நாட்ஸ்” என்று சொல்லிவிடுங்கள்.

கிளம்பும் முன்

இறங்கப்போகும் விமான நிலையத்தின் வெளியீட்டில் வேகப் பகுதியைத் தனியாகப் படித்து, எண்களை அப்ரோச் பிரீஃபிங்கிலேயே சேர்த்துப் பேசுங்கள். அன்றைய எடைக்கான மினிமம் கிளீன் வேகத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வையுங்கள். கேட்டதும் சொல்ல முடியும். அமெரிக்காவில் பயின்று இந்தியாவில் பறக்க வருகிறவர்கள் இரண்டு விஷயங்களை மறுபடி பார்க்க வேண்டும்: கொடுத்த வேகம் எந்த இடத்தில் முடிகிறது, 10,000 அடிக்குக் கீழே 250ஐ யார் நீக்கலாம். அப்ரோச் கிளியரன்ஸ் வந்தும் வேகம் நீங்கியதா என்று சந்தேகம் இருந்தால், நீங்கிவிட்டதாக நீங்களே முடிவு செய்யாமல் “கன்ஃபர்ம் ஸ்பீட் ரெஸ்டிரிக்‌ஷன்” என்று கேளுங்கள்.